எமனாலும் திறக்க முடியாத பூட்டு

"அந்த ஆள இந்தச் சனிக்கிழமையோட தோட்டத்த விட்டே கெளப்பிடணும்!"

லுணுகலைக் கடைவீதியில் பூட்டுக்கடை வைத்திருந்த இராமையா, புகார் எழுதிய பெட்டிசத்தை உறையில் போட்டு நாக்கால் நனைத்து ஒட்டினார்.

அந்த ஆள் என்றால் மேமலைத் தோட்டத்துக் கிளாக்கர் சிதம்பரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர். ஆபீஸ் வேலை முடிந்தால் மனுஷனுக்கு ஒரே ஒரு பைத்தியம், பூட்டு. கொழுந்து பறிக்கிற பெண்கள் தேயிலைக்குள் பெட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு அவரிடம் வருவார்கள். மனைவியின் கொண்டை ஊசியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு குடை குடைவார். டக்! காசு வாங்க மாட்டார். "சும்மா பொழுதுபோகத்தான் செய்யிறனான்" என்பார்.

இராமையாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. முன்பெல்லாம் சாவி தொலைந்தால் அவரிடம்தான் வருவார்கள். அவரும் இரும்பறுக்கும் வாளை எடுத்துப் பூட்டை ரெண்டாக அறுத்துக் கொடுப்பார். சாவியில்லாப் பூட்டுக்கு அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

"இருவது வருஷம் அரம் புடிச்சுத் தொழில் படிச்சவன் நான். இவரு கொண்டை ஊசிய வச்சுக்கிட்டு வெளையாடுறாரு!"

ஒரே ஆறுதல், ஆறு மாதமாகப் புதுப் பூட்டு வியாபாரம் ஓகோவென்று நடந்தது. எல்லாம் கடை வாசலில் மாட்டிய பலகையின் மகிமை என்று நம்பினார். 'இராமையா பூட்டு! எமனாலும் திறக்க முடியாது!'

தோட்டத்து மானேஜரான துரை, ஆபீஸ் வராந்தாவில் ஒரு பெட்டிசப் பெட்டி அடித்து வைத்திருந்தார். சாவி அவரிடம். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவரே வந்து திறப்பார். போன வருஷம் கையெழுத்தில்லாத ஒரு மொட்டைப் பெட்டிசத்தில் ஸ்டோர் கிளாக்கர் வேலை போய்ச் சட்டி பானையோடு ரயில் ஏறினார்.

'கிளாக்கர் ஸ்டோர் பூட்டைத் திறந்து அரிசி எடுக்கிறார்.' இந்தப் பெட்டிசத்தை ஒருவரைப் பிடித்து இங்கிலீஷில் எழுதி வாங்கியிருந்தார் இராமையா. சுத்தப் பொய். கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவு தைரியசாலி!

சனிக்கிழமை காலையில் ரெண்டு மைல் நடந்து பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினால், கடை வாசலில் தோட்டத்து இராக்கம்மா நின்றாள்.

"அண்ணே, ஒங்க பூட்டு ஒன்னு குடுங்க."

"போர்டப் பாத்துட்டு வந்தியாக்கும்?"

"எனக்கு எங்கண்ணே படிக்கத் தெரியும்? கிளாக்கரய்யா அனுப்புனாரு."

"யாரு?"

"நம்ம கிளாக்கரய்யாதான். என் பெட்டிய ஊசியால தொறந்துட்டு, 'இதெல்லாம் ஒரு பூட்டா? இராமையா கடையில போய் வாங்கு. அவரு பூட்ட ஆறு மாசமா மேசையில வச்சு மாரடிக்கிறேன், என்னால தொறக்க முடியல'ன்னாரு. அவருகிட்டப் போற எல்லாருக்கும் இதேதான் சொல்லுவாரு. எங்க லயத்துல இப்ப எல்லா வீட்டுலயும் ஒங்க பூட்டுத்தான்."

இராமையா தொப்பென்று உட்கார்ந்தார். அதே வேகத்தில் எழுந்தார்.

"இராக்கம்மா, கடையப் பாத்துக்க!"

பூட்டுக்கடையைப் பூட்டாமலே ஓடினார்.

வராந்தாவுக்கு வந்தபோது மணி பதினொன்றரை. பெட்டியின் துவாரத்தில் விரலை விட்டார், விரல் மாட்டிக்கொண்டது. இழுத்து எடுத்தார். பூட்டைப் பார்த்தார். அவர் கையால் செய்த பூட்டு! அறுத்தால் துரை போலீசைக் கூப்பிடுவார்.

"என்ன இராமையா, பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

சிதம்பரநாதன்தான்.

"ஐயா... தொரைக்கு ஒரு காயிதம் போட வந்து, வேற காயிதத்தப் போட்டுட்டேன். பன்னெண்டு மணிக்குள்ள எடுக்கணும். நீங்க அந்த ஊசிய வச்சு..."

"இது உங்கட பூட்டெல்லே! என்னால ஏலாதெண்டு ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன்."

"ஒங்க காலப் புடிக்கிறேன், ஒருக்காப் பாருங்கய்யா. அது தொரை கையில கெடச்சா ஒரு குடும்பமே தெருவுக்கு வந்துரும்!"

"ஆருடைய குடும்பம்?"

இராமையா பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. கிளாக்கர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்தார்.

"சரி, அங்கால திரும்பி நில்லுங்கோ."

இராமையா திரும்பி நின்று கைகூப்பினார். "முருகா, என் பூட்டத் தோக்கடிச்சிடுப்பா!" தன் பூட்டு தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட முதல் பூட்டுக்காரர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

வேண்டுதல் முடியவில்லை. டக்!

மேலே கிடந்த உறையை மட்டும் எடுத்து நீட்டினார் கிளாக்கர். பிரிக்கவில்லை. திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பூட்டை மறுபடி அமுக்கிப் பூட்டினார்.

இராமையா உறையை மடியில் செருகிக்கொண்டார். போன உயிர் திரும்பி வந்தது. பின்னாலேயே ரோஷமும் வந்துவிட்டது.

"அது எப்படிங்கய்யா? ஆறு மாசமா என் பூட்டத் தொறக்க முடியலன்னீங்க. இப்ப பத்து எண்ணுறதுக்குள்ள தொறந்துட்டீங்களே!" கோபமாகவே கேட்டார்.

சிதம்பரநாதன் சிரித்துக்கொண்டே ஊசியைச் சட்டைப் பையில் போட்டார்.

"வாங்கின அண்டைக்கே திறந்திட்டன், இராமையா. எனக்கு இது விளையாட்டு, உங்களுக்கு இதுதானே சோறு. நான் தோத்துப்போனன் எண்டு சொன்னா எனக்கு என்ன குறைஞ்சு போகுது?"