நாலரை வயசு

“இந்தப் பொண்ணுக்கு என்ன வயசு டீச்சர்?”

சூப்பர்வைசர் ஸ்வர்ணலதா பால்வாடி டீச்சர் கிருஷ்ணம்மாளிடம் கேட்டாள்.

பால்வாடியில் இருபத்திரண்டு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஆரணி நெசவாளர் தெருப் பிள்ளைகள். மூன்று, நான்கு வயசுக்காரர்கள். அவர்களுக்கு நடுவில் லாவண்யா மட்டும் ஒரு தலை உயரமாக இருந்தாள்.

“நாலரை மேடம்.”

ஸ்வர்ணலதா பழைய பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் புரட்டினாள். தொண்ணூற்றைந்தில் லாவண்யாவுக்கு நாலரை வயசு. தொண்ணூற்றாறிலும் நாலரை. இந்த வருஷமும் அதே நாலரை.

சூப்பர்வைசர் வரும் நாளில் லாவண்யாவை வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம்; இன்று சொல்லாமல் வந்துவிட்டாள். இனி மறைத்துப் பயனில்லை. கிருஷ்ணம்மாள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். பெண்ணுக்கு எட்டு வயசு நடக்கிறது. பேச்சு வரவில்லை. ஒண்ணாவதில் சேர்த்த இரண்டாம் நாளே, எங்களால் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா, அம்மா இரண்டு பேரும் தறியை விட்டு எழுந்திருக்க முடியாது. இங்கே என்றால் பாட்டைக் கேட்டுக்கொண்டு, கை தட்டிக்கொண்டு சிரித்த முகமாக இருக்கிறாள்.

ஸ்வர்ணலதாவின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அஞ்சு வயசு முடிந்த பிள்ளையை வைத்துக்கொள்ள விதியில்லை என்றாள். சின்னப் பிள்ளைகளை இது தள்ளிவிட்டு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்றாள். பொய் வயசு எழுதியதற்கு மெமோ வரும் என்றும் சொன்னாள்.

“மெமோ குடுங்க மேடம், வாங்கிக்கிறேன். பொண்ண மட்டும் விட்டுடுங்க.”

“நாளையிலருந்து அவ இங்க இருக்கக் கூடாது.”

சிவப்பு மையால் பெயரை அடித்துவிட்டுப் புறப்பட்டாள். லாவண்யா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கல் நெஞ்சுக்காரி என்று சமையல் செய்யும் சின்னம்மாள் முணுமுணுத்தாள். கிருஷ்ணம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். ஸ்வர்ணலதா தெள்ளாரிலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாசம் ஆகிறது. யாரிடமும் ஒரு வாய் காபி வாங்கிக் குடித்ததில்லை. அஞ்சு மணி அடித்தால் யாரோடும் நின்று பேசாமல் வீட்டுக்கு ஓடிவிடுவாள்.

நாலு நாள் கழித்து, மனசு கேட்காமல் கிருஷ்ணம்மாள் லாவண்யாவின் வீட்டுக்குப் போனாள்.

தறிக்காலில் பழைய புடவைத் துணியால் பெண்ணை இடுப்போடு கட்டிப் போட்டிருந்தார்கள். டீச்சரைப் பார்த்ததும் ஓடி வரப் பார்த்தாள். துணி இழுத்தது. தறி ஆடி, பாவு நூலில் இரண்டு இழை அறுந்தது. அப்பா பொன்னுசாமி உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி அவள் முதுகில் ஒன்று வைத்தான்.

“நேத்து சாயப் பட்டறையில கொதிக்கிற தொட்டிகிட்ட போய் நின்னுகினு இருந்தா டீச்சர்,” என்றாள் அம்மா பச்சையம்மாள். “கட்டாம என்னா பண்றது?”

கிருஷ்ணம்மாளால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று, அன்று சாயங்காலமே கோட்டை மைதானத்துக்குப் பின்னால் இருந்த சூப்பர்வைசர் வீட்டைத் தேடிப் போனாள்.

வீடு பூட்டியிருந்தது. வருகிறவரை காத்திருக்கலாம் என்று படியில் உட்கார்ந்தாள்.

உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

திடுக்கிட்டு எழுந்தாள். வெளியே பூட்டு தொங்குகிறது. உள்ளே விடாமல் தட்டுகிற சத்தம். கூடவே வார்த்தை இல்லாத ஒரு குரல். பாதி திறந்திருந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

பத்து வயசிருக்கும் ஒரு பெண், வாயோரம் எச்சில் ஒழுக, கதவில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பழைய தழும்புகள், அவற்றின் மேல் புதுக் காயம். தட்டில் வைத்துவிட்டுப் போன சாதம் தரையெல்லாம் சிதறிக் கிடந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்வர்ணலதா சாவியும் கையுமாக நின்றிருந்தாள்.

பூட்டைத் திறந்தாள். மகள் வந்து மேலே விழுந்தாள். முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டு, அவளை மடியில் இழுத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள்.

சுவரைப் பார்த்தபடி சொன்னாள். காலையில் பூட்டினால் சாயங்காலம்தான் திறப்பாளாம். ஆரணிக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தானாம். இவளை எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளவில்லையாம். இவள் அப்பா கூட வராமல் தெள்ளாரோடு நின்றுவிட்டாராம்.

கிருஷ்ணம்மாள் தரையில் சிதறிய சாதத்தைத் தட்டில் அள்ளினாள். ஸ்வர்ணலதாவே கேட்டாள்.

“லாவண்யாவுக்காகத்தான வந்தீங்க?”

“தறிக்கால்ல கட்டிப் போட்டுருக்காங்க மேடம்.”

ஸ்வர்ணலதா கண்ணை மூடிக்கொண்டாள்.

“அன்னிக்கு அவ எல்லாரோடயும் உக்காந்து சிரிச்சுகினு சாப்பிட்டா. என்னால அதப் பார்க்க முடியல டீச்சர். விதி கிதியெல்லாம் அப்புறம்தான்.”

மகளின் நெற்றிக் காயத்தை முந்தானையால் ஒற்றினாள்.

“நாளைக்கே அவளக் கூட்டி வந்துடுங்க. பேரு எழுத வேணாம். யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.”

தலையாட்டிவிட்டுப் படி இறங்கப் போன கிருஷ்ணம்மாளின் கையை ஸ்வர்ணலதா எட்டிப் பிடித்தாள். எட்டு மாசமாக உத்தரவு மட்டுமே போட்ட குரல் இப்போது எழும்பவே இல்லை.

“டீச்சர்... இவளுக்கும் அங்க ஒரு எடம் இருக்குமா?”