சீனியைச் சுற்றி ஒரு நடை

ஜேர்மன்காரப் பெண் மாமாவை மறுபடியும் நடக்கச் சொன்னாள்.

மாமா யானையை வட்டமாகச் சுற்றி நடந்தார். சீனியும் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைத்து அவரோடு சேர்ந்து திரும்பியது. அவர் எந்தப் பக்கம் போனாலும் அதன் முகம் அவருக்கு நேராகவே இருந்தது.

ஹோட்டல் முற்றத்தில் கூடியிருந்த வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். அவள் கமராவை இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். மரம் இழுக்கிற வேலையெல்லாம் டிராக்டருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. இங்கே சீனிக்கு வேலை கிடைக்காவிட்டால் மாமா அதை விற்றுத்தான் ஆகவேண்டும். கண்டியிலிருந்து ஒரு வியாபாரி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டும் போயிருந்தான்.

முடிவு இந்தப் பெண்ணின் கையில். ஜேர்மனியிலிருந்து சுற்றுலா ஆட்களை அனுப்புகிற கொம்பனி அவளுடையது. ஹோட்டல் மனேஜர் காலையிலிருந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்காரரோடு பழகி இங்கிலீஸ் பிடித்தவன். அதனால்தான் மருமகனாகிய என்னை மாமா கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அவரை ஒரு நிமிடம்கூடக் கண்ணிலிருந்து விட மனமில்லாத அன்பு இது, தன் புருஷன்கூடத் தன்னை இப்படிப் பார்த்ததில்லை என்றாள் அவள். புருஷன் கதையை விட்டுவிட்டு மீதியை மாமாவிடம் சொன்னேன்.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். ஸெய்னுதீன் பணிக்கர் என்று மாமாவை எங்கள் குறிஞ்சாக்கேணியில் எல்லோருக்கும் தெரியும். யானை பிடிக்கிற பரம்பரை. ஆனால் வீட்டில் அவர்மேல் எனக்கு ஒரு பகிடி உண்டு. களப்புத் தண்ணீரில் சீனியைக் குளிப்பாட்டும்போது தும்பிக்கையையும் முன்னங்கால்களையும் தேய்த்துவிட்டுக் கரையேறிவிடுவார். பின்பக்கம் முழுவதும் என் மனைவி றம்லாவின் பாடு. உன் வாப்பாவுக்கு அரை யானைதான் சொந்தம் என்று நான் சொல்வேன்.

றம்லா ஒருநாளும் சிரித்ததில்லை.

அந்தப் பெண் சீனியின் பின்னால் போனாள். யாரோ எவரோ, ஆனாலும் சீனி வாலை ஆட்டிக்கொண்டு பேசாமல் நின்றது. பின்னங்காலைத் தடவிக்கொண்டு போன கை பாதத்துக்குச் சற்று மேலே நின்றது. அங்கே தோல் வளையம்போலத் தடித்துக் கிடந்தது.

இது என்ன என்று கேட்டாள். நான் மாமாவைக் கேட்டேன்.

"வார் போட்ட இடம், மருமகன். நாந்தான் போட்டனான். பின்னால பதுங்கிப் போய்."

பணிக்கர்மார் காட்டு யானையைப் பிடிப்பது அப்படித்தான். மனித வாடை படாமல் ஊர்ந்துபோய், பின்னங்காலில் தோல்வாரை மாட்டி, மறுமுனையை மரத்தில் கட்டிவிடுவார்கள். ஊரே பெருமையாகச் சொல்கிற கதை. நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மாமா சீனியின் முகத்தைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்தினார்.

"இருபத்திரண்டு வருசம். ஒருநாளும் என்னைப் பின்னுக்கு நிக்க விட்டதில்ல. இது அன்பில்ல எண்டு இவவுக்குச் சொல்லுங்க."

இவ்வளவு காலமும் நான் செய்த பகிடியை நினைக்க வெட்கமாக இருந்தது.

அவள் காத்திருந்தாள். மனேஜர் என்னைப் பார்த்தார். கண்டிக்காரன் அடுத்த கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான்.

குட்டியாக இருந்தபோது பட்ட காயமாம், இவர்தான் மருந்து கட்டிக் காப்பாற்றினாராம் என்று இங்கிலீசில் சொன்னேன்.

அவள் ஓடிவந்து மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மாமா என்னைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஸ் தெரியாது, ஆனால் என் முகம் தெரியும்.

மனேஜர் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார். நாளையிலிருந்து வேலை. சவாரி வேண்டாம், தும்பிக்கை தூக்கி வணக்கம் வைக்கிறதும் வேண்டாம். இந்தச் சுற்றி நடக்கிறது மட்டும் போதும். ஒரு நாளைக்கு மூன்று தடவை.

அவள் கமராவைத் தூக்கினாள். இன்னொரு முறை என்று விரலைக் காட்டினாள்.

மாமா முதல் அடியை எடுத்து வைத்தார். சீனி திரும்பியது.