படகுப் பெட்டி

இதனால் செங்கற்பட்டு ஜில்லாவின் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில், ஏழைகளின் ஏந்தலும் கால்வாய்க் கரையின் காவலருமான ஸ்ரீமான் செங்கல்வராயன் அவர்களின் மாபெரும் வெற்றி இன்று மாலைக்குள் சரித்திரத்தில் பொறிக்கப்படும்.

தகரக் குழாயில் இப்படி முழங்கியவன் பிரதம பிரசாரகன் வரதன். கேட்ட ஜனங்கள் இரண்டு வெள்ளாடுகள். அவையும் சுவரொட்டியின் பசைக்காக வந்தவை.

ஏந்தல் செங்கல்வராயன் பக்கத்திலேயே பனைமரத்தடியில் சாய்ந்திருந்தார். கால்வாயில் படகு இழுத்துப் பிழைத்தவர். சதுரங்கப்பட்டினத்திலிருந்து கோவளம் வரை மணலில் நடந்து ஓட்டுக் கேட்டதில் பாதம் இரண்டும் கொப்புளம். பிரசாரத்துக்கென்று ஒரு சைக்கிள் உண்டு. டியூபுக்குப் பதில் வைக்கோல் திணித்த சைக்கிள். பாதி வழி அதையும் அவர்தான் தூக்கிவந்தார்.

"வரதா, குழாய கீழ வையி. அங்க பாரு."

அக்கரையில், எதிர்த்து நிற்கும் மிராசுதாரின் ஆட்கள் மூங்கில் கழியோடு நின்றார்கள். இருந்த ஒரே தோணியைக் காலையிலேயே ஓட்டிப்போய் அந்தப் பக்கம் கட்டிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் பள்ளிக்கூடம். அதுதான் ஓட்டுச்சாவடி. போன வருஷம் வரை மிராசுதாரின் நெல் கொட்டாய். சுண்ணாம்பு அடித்து 'வித்யாசாலை' என்று எழுதியதும் பள்ளிக்கூடமாகிவிட்டது.

இக்கரையில் சேரி. அந்த நிலமும் மிராசுதாருடையதுதான். செங்கல்வராயன் தோற்றால் மறுநாளே குடிசைகளைப் பிரித்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மற்ற ஊர்களில் இழுபறி என்று தகவல். சேரி ஓட்டு சிந்தாமல் சிதறாமல் விழுந்தால் தப்பிக்கலாம்.

அதற்காகத்தான் வரதன் ஒரு மாதம் சேரியில் தொண்டை கிழியப் பேசியிருந்தான். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. கையில் தரும் சீட்டோடு திரைக்குப் பின்னால் போய், செங்கல்வராயனின் சின்னமான படகுப் படம் ஒட்டிய பெட்டியில் போட வேண்டும். யாரும் பார்க்க முடியாது. இதை ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டு, பாக்கி நேரம் முழுக்க ஜனநாயகம், கிரேக்க தேசம், பிரெஞ்சுப் புரட்சி. சேரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

அது என்ன நினைக்கிறது என்று மட்டும் அவன் கேட்டதில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது சேரி புறப்பட்டு வந்தது. முன்னால் ரெபேக்காள். தோணி இல்லை என்று கண்டதும் அவள் நின்று யோசிக்கவில்லை. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். தை மாதத் தண்ணீர், மார்பளவு. பின்னாலேயே மற்றவர்கள்.

"அண்ணாத்த, பொம்பளைங்கள அடிச்சிடுவானுங்களா?"

குழாய் இல்லாமல் வரதனின் குரல் மிகவும் சின்னதாக இருந்தது. செங்கல்வராயன் கொப்புளக் காலோடு எழுந்து நின்றுவிட்டார்.

அக்கரையில் ஒருவன் கழியை ஓங்கினான்.

"வழிய வுடுறா! ஓட்டுப் போட வந்துகிறோம். உன் வூட்ல பொண்ணு கேக்க வர்ல."

ரெபேக்காளின் குரல் கால்வாயைத் தாண்டிக் கேட்டது. ஓங்கிய கழி அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. சாவடி வாசலில் நின்ற கான்ஸ்டபிளால் இருக்கலாம். அவள் குரலாலும் இருக்கலாம்.

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பி ஓடவில்லை. வரதனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"அழுவாதடா. ஆடு பாக்குது."

சொன்ன செங்கல்வராயனும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொழுது இறங்கும் நேரத்துக்குக் கூட்டம் மறுபடி தண்ணீரில் இறங்கியது. இப்போது எல்லோரும் வலது கையை மூடித் தலைக்கு மேல் உயர்த்தியிருந்தார்கள். கிழவர்கள்கூட. கால் தடுமாறி ஒருத்தி முங்கி எழுந்தாள். கை மட்டும் முங்கவில்லை.

வரதன் பிரெஞ்சுப் புரட்சியை நேரில் கண்டுவிட்டான். குழாயை எடுத்து, "மக்கள் சக்தி வாழ்க!" என்று அலறினான். ஆடுகள் ஓடிப்போயின.

கரையேறிய ரெபேக்காள் நேராகச் செங்கல்வராயனிடம் வந்தாள். பல் கிடுகிடுத்தது. அவர் கையைப் பிடித்து இழுத்து, தன் மூடிய கையை அதில் திறந்தாள்.

"ஒரு சொட்டு ஈரம் படல, பாத்துக்க அண்ணாத்த."

அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்தவன். அவர் துண்டை விரித்து ஏந்த வேண்டியதாகிவிட்டது.

"இன்னா இது?" என்றான் வரதன்.

"ஓட்டு. வேற இன்னா?" ரெபேக்காள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தக் கொட்டாய்க்குள்ள நாம கொட்டுன நெல்லு என்னிக்காவது திரும்பி வந்துகீதா? அங்க போயி பொட்டில போடுவாங்களா? திரைக்குப் பின்னால யாரும் பாக்க மாட்டாங்கன்னு நீதான சொன்ன. மடியில சொருவிக்கினு வந்துட்டோம்."

கடற்காற்றில் சீட்டுகள் பறக்கப் பார்த்தன. செங்கல்வராயன் துண்டின் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"பத்திரமா கொணாந்துட்டீங்க, அக்கா," என்றார். "போயி ஈரத்த மாத்துங்க."

சேரி சிரித்துக்கொண்டே குடிசைகளுக்குப் போனது. எல்லோர் விரலிலும் மை இருந்தது.

அக்கரையில் பெட்டிகளுக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள்.