வெளித்தேர்வாளரின் கேள்வி

“செப்பரபிள் ஸ்பேஸ்னா என்ன? கணக்கே தெரியாத ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க, பார்க்கலாம்.”

வெளித்தேர்வாளர் இப்படிக் கேட்டதும் அரங்கில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. மேடையில் நின்ற ஆய்வு மாணவிக்கு முகம் சிவந்துவிட்டது.

டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. அவள் ஆய்வேட்டின் தலைப்பிலேயே இருக்கும் வார்த்தைக்கு அர்த்தம் கேட்கிறார். சமையல் போட்டிக்கு வந்தவளிடம் வெந்நீர் வைக்கத் தெரியுமா என்று கேட்ட மாதிரிதான்.

“எண்ணத்தக்க, அடர்ந்த உட்கணம் ஒன்றைக் கொண்ட இடவியல் வெளி” என்றாள் ஒரே மூச்சில்.

“அது புத்தகத்துலயே இருக்கு. இன்னும் கொஞ்சம் எளிமையா, நிதானமா?”

“இதுக்கு மேல எளிமையாக்கினா அது கணக்கா இருக்காது சார்.”

தோழிகள் கைதட்டினார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஆய்வேட்டை மூடிவிட்டார்.

பட்டம் கிடைத்துவிட்டது. பஸ் டிரைவரான அப்பா, டியூட்டி முடிந்த கையோடு சீருடையிலேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

“எப்படிப்பா இருந்துச்சு?”

“ஜோரா பேசினம்மா. தங்குதடையே இல்ல.”

“அந்த ஆள் என்னை மட்டம் தட்டப் பார்த்தார்ப்பா. நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார்.”

அப்பா அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அவளுக்கு அந்தக் கோபம் ஆறவே இல்லை. கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, துறைத்தலைவர் ஆன பிறகும், கருத்தரங்குக்கு அந்த வெளித்தேர்வாளரைக் கூப்பிடலாமா என்று யாராவது கேட்டால், “அவர் வேண்டாம். பிள்ளைகளை நோகடிப்பார்” என்று சொல்லிவிடுவாள்.

இந்த வருடம் வேறொரு கல்லூரியில் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம். கடினமான பாடத்தைத் தெளிவாகச் சொல்வதில் இப்போது அவளுக்கு நல்ல பெயர்.

“பேரைப் பார்த்து மிரளாதீங்க. இங்க எதையும் பிரிக்கப் போறதில்ல” என்று ஆரம்பித்தாள். “முடிவே இல்லாத ஒரு ஊர். வீடுகளை ஒண்ணு, ரெண்டுன்னு யாராலயும் வரிசைப்படுத்த முடியாது. பஸ் ஸ்டாப்புகளுக்கு மட்டும் ஒண்ணுகூட விடாம நம்பர் போட்டுக்கிட்டே போகலாம். ஆனாலும் எந்த வீட்டு வாசல்ல நின்னு, எவ்வளவு சின்ன வட்டம் போட்டாலும், அதுக்குள்ள ஒரு ஸ்டாப் இருக்கும். அதுதான் செப்பரபிள் ஸ்பேஸ். எண்கோட்டுல அந்த ஸ்டாப்புகள்தான் பின்னங்கள்.”

முகாம் முடிந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு முதியவர் வந்தார். அதே வெளித்தேர்வாளர்.

“ரொம்பத் தெளிவு. இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா.”

“அன்னைக்கு நீங்க தெளிவுக்காகவா சார் கேட்டீங்க? மட்டம் தட்டத்தானே?”

அவர் திகைத்துப் போய் அவளைப் பார்த்தார். “அப்படியா நினைச்சீங்க?” என்றவர், “அப்பா நல்லா இருக்காரா?” என்றார்.

“போன வருஷம் தவறிட்டார். அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் முகம் வாடிவிட்டது. “இனிமே சொல்லி என்ன ஆகப் போகுது, விடுங்க” என்று நகரப் பார்த்தார். அவள் விடவில்லை.

“தேர்வுக்கு முன்னாடி வராந்தாவுல என் பக்கத்துல உட்கார்ந்திருந்தார். நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. ‘பொண்ணு என்ன படிக்குறான்னு டிப்போவுல கேக்குறாங்க சார். ஏதோ செப்பரபிள்ங்கிறா. அப்படின்னா என்னன்னு அவகிட்ட கேக்கக் கூச்சமா இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?’ன்னார்.”

“நீங்களே சொல்லியிருக்கலாமே சார்…” என்றாள்.

“நான் சொல்றதைவிட அவர் பொண்ணு வாயால கேட்டா சந்தோஷப்படுவார்னு நினைச்சேன். அது என் கேள்வியே இல்லம்மா. உங்க அப்பாவோடது.”