மிச்சமிருந்த ஒரு கடை

விசாரணை அறையில் நீதிபதி இருக்கையில் ஆளுக்குப் பதில், தீர்ப்புச் சொல்லும் கணினியின் திரை மட்டும் இருந்தது. பெரிய நிறுவனம் ஒன்று நஷ்டத்துக்கு விற்றே பலசரக்குக் கடைகளை மூடவைக்கிறது என்று தூத்துக்குடி சிறுவியாபாரிகள் சங்கம் கொடுத்த மனு, ஆறு வருடம் கழித்து அன்றுதான் எடுக்கப்பட்டது. சங்கத்தின் சார்பில் மரியசெல்வி வந்திருந்தாள்.

“சங்கத்தில் எத்தனை கடைகள்?” என்றது திரை.

“மனு குடுக்கும்போது நாப்பத்திரெண்டு. இப்போ என் கடை மட்டுந்தான்.”

“ஒரே கடை சங்கமாகாது. மனு தள்ளுபடி.”

“மத்த கடையெல்லாம் எதுக்கு மூடுனாவன்னு சொல்லத்தானே வந்தேன்!”

திரை அணைந்துவிட்டது.

வாசலில் சங்கத்தின் பழைய தலைவர் துரைப்பாண்டி அந்த நிறுவனத்தின் சீருடையில் காத்திருந்தார்.

“உங்க கம்பெனில ஆள் எடுக்காவளாண்ணே?” என்று மட்டும் கேட்டாள்.

“எங்களையே இந்த மாசத்தோட நின்னுக்கிடச் சொல்லிட்டாவம்மா” என்றார் அவர்.