பச்சையும் பழுப்பும்

“மாமா, உங்க மக செஞ்சு வச்சிருக்க வேலையைப் பாத்தீகளா? பச்சையும் பழுப்பும் ஒண்ணாக் கெடக்கு!”

சந்திரவல்லி முறத்தைத் தூக்கிக் கணவனிடம் காட்டினாள். பால்பாண்டி குனிந்து பார்த்தான். ஏலக்காயையும் பார்த்தான், லீவு நாளில் உதவிக்கு வந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்த செல்லக்கிளியையும் பார்த்தான்.

“உன் மகதானே. நீயே கேளு.”

எப்போதும் இப்படித்தான். செல்லக்கிளிக்குப் பத்து வயதாகிவிட்டது. ‘என் மக’ என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. சந்திரவல்லி அவனுக்குச் சொந்த அக்கா மகள். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளைக் கூட்டி வந்து தாலி கட்டினான். ஏழாம் மாதமே பிள்ளை பிறந்துவிட்டது. குறைமாதப் பிள்ளை என்று மருத்துவச்சி தலையில் அடித்துச் சொன்னாள். அவர்கள் ஊரான சிலமலையில் யார் கேட்டார்கள்? ஊர் மெல்லுவதற்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

பால்பாண்டி அடிக்கவில்லை, விரட்டவில்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. கேட்டுத் தொலைத்திருந்தால் பதிலாவது சொல்லியிருப்பாள்.

போடியில் வீரணனின் ஏலக்காய் மண்டியில்தான் இருவருக்கும் வேலை. பெண்கள் தரையில் உட்கார்ந்து நிறம் பிரிப்பார்கள். பால்பாண்டி தரம் சொல்வான். அதை வேடிக்கை பார்க்கவே சில வியாபாரிகள் வருவார்கள். ஒரு கை அள்ளி, காதோரம் குலுக்கி, ஒன்றை எடுத்துக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவான். வீரணனுக்கு அதில் ஏகப் பெருமை. “நிறம் எப்படிப்பா?” என்று யாராவது கேட்டால் மட்டும், “அது பொம்பளைக சோலிண்ணே” என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவான்.

அது 1982 தை மாதம். போடியில் கண் முகாம் நடந்துகொண்டிருந்தது. அதற்காக மதுரையிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா, ஊருக்குத் திரும்பும் வழியில் ஏலக்காய் வாங்கலாமென்று மண்டிக்குள் நுழைந்தார். செல்லக்கிளியின் முறத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“பாப்பா, இது என்ன நிறம்?”

“பச்சை.”

“இது?”

செல்லக்கிளி பயத்தோடு தாயைப் பார்த்தாள். “அதுவும் அதே மாதிரித்தான் இருக்கு.”

“சோலிக்குச் சோம்பிக்கிட்டுப் பொய் சொல்றா டாக்டரம்மா” என்றாள் சந்திரவல்லி.

டாக்டரம்மா பைக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அட்டை முழுக்கக் கலர் கலராகப் புள்ளிகள். “இதுக்குள்ள ஒரு நம்பர் ஒளிஞ்சிருக்கு. என்னன்னு சொல்லு, பாப்போம்.”

“எட்டு!” என்று பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஒருத்தி கத்தினாள்.

செல்லக்கிளி உற்று உற்றுப் பார்த்தாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “எட்டெல்லாம் இல்ல. வெறும் புள்ளியால்ல இருக்கு!”

“இனிமே இவளைத் திட்டாதீங்கம்மா” என்றார் டாக்டரம்மா. “இவ கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். நிறக்குருடுன்னு சொல்லுவாங்க. மத்தபடி பார்வைக்கு ஒரு குறையும் இல்ல. ஆம்பளைங்ககிட்டதான் இதை அதிகம் பார்ப்போம். பொண்ணுக்கு வர்றது அபூர்வம். தாய்வழியிலயும் வரணும், பெத்த அப்பனுக்கும் இருக்கணும். அப்பனுக்கு இல்லாம மகளுக்கு வராது.”

வீரணன் சத்தமாகச் சிரித்தார். “தப்பாச் சொல்றீக டாக்டரம்மா! இவ அப்பன் நம்ம பால்பாண்டி. இந்தப் போடியிலேயே ஏலக்காய் பாக்க அவனை மிஞ்சின கண்ணு கெடையாது!”

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மண்டியில் முறங்கள் எல்லாம் நின்றுவிட்டன. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சந்திரவல்லி முறத்தைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷம் ஊர் சாடைமாடையாகச் சொன்னதை இப்போது படித்த டாக்டரே நேராகச் சொல்லிவிட்டார். தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று இனி யாரிடம் போய்ச் சொல்வாள்?

“மாமா, நம்ம குலசாமி மேல சத்தியமா...” என்று ஆரம்பித்தாள்.

பால்பாண்டி எழுந்து வந்தான். டாக்டரம்மா கையிலிருந்த அட்டையை வாங்கினான். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தான், நிமிர்த்திப் பார்த்தான். திரும்பி வந்து வீரணன் முன்னால் நின்றான்.

“மொதலாளி, நாளையிலிருந்து எனக்கு இங்க சோலி இருக்குமோ இருக்காதோ, தெரியாது” என்றவன், செல்லக்கிளியை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“எம் மகளுக்குத் தெரியாத நம்பர் எனக்கும் தெரியல.”