பிரதிநிதி

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது அவளுக்கு.

மேடம் மறுபடியும் கேட்டார். “கூட்டத்துல நீ பேசினது எதாவது நடந்துச்சாம்மா?”

மேடம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கிறார். பள்ளி மேலாண்மைக் குழுவில் மாணவர் பிரதிநிதி சொல்வது எடுபடுகிறதா என்று ஊர் ஊராகப் போய் ஆராய்ச்சி செய்கிறாராம். நல்ல மனுஷி. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஜன்னலோரம் தலைமையாசிரியர் நின்றார். விரலில் சாவிக்கொத்து சுழன்றது.

ஒன்பதாம் வகுப்பில் அவளைத்தான் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். கேசரி கொடுத்தார்கள். வாயை மட்டும் அவளே கொண்டுபோயிருந்தாள்.

எழுந்து நின்று கேட்டாள். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி போனால் ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு தாழ்ப்பாள் வேண்டும்.

எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் காலையில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. பழுது பார்க்கும்வரை யாரும் போகக் கூடாது என்றார் தலைமையாசிரியர். கேட்டது உள்ளே ஒரு தாழ்ப்பாள். கிடைத்தது வெளியே ஒரு பூட்டு.

அது ஆனி மாதம். இப்போது ஐப்பசி மழை பெய்கிறது. பழுது பார்க்க ஒரு குருவியும் வரவில்லை.

அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற இசக்கியம்மாள் இப்போது வேறு பெஞ்சில் உட்காருகிறாள். கடைசியாகப் பேசியது ஒன்றுதான்.

“கதவப் பிடிச்சிக்கிட்டாவது போயிட்டு வந்தோம்லா, ஏட்டி. ஒன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னா?”

இன்றைக்கு மேடத்திடம் சொல்லிவிடலாம். சொன்னால் திறந்தாலும் திறப்பார்கள். திறக்காவிட்டால்? போன தடவை வாயைத் திறந்ததற்குக் கழிப்பறையைப் பூட்டினார்கள். இந்தத் தடவை எதைப் பூட்டுவார்களோ.

சாவிக்கொத்து சுழல்வது நின்றது. அவள் அதிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

“நடந்துச்சு மேடம்.”

“எத்தனை நாள்ல?”

“மறுநாளே.”

மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எந்தப் பள்ளியிலும் நடக்கவில்லை என்றார். தலைமையாசிரியர் அடக்கமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேடம் எழுதி முடித்தார். பேனாவை மூடினார். தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

“குடிம்மா. உதடெல்லாம் காஞ்சு போயிருக்கு.”

“வேண்டாம் மேடம். வீட்டுக்குப் போய்க் குடிச்சிக்கிடுதேன்.”

“ஏன், விரதமா?”

அவள் சாவிக்கொத்தைப் பார்த்தாள். இந்த முறை கண்ணை எடுக்கவில்லை.

“எங்க வகுப்புல பொம்பளப் பிள்ளைக எல்லாரும் விரதந்தான் மேடம்.”

மேடம் சிரித்துக்கொண்டே பையின் ஜிப்பை இழுத்தார். பாதியில் கை நின்றது.